அழைத்தவளிடம் சொல்லமாட்டேன்

இரவு இரண்டு பத்துக்கு
ரீகாவில், எங்கள் ஏழாம் மாடியில்
திரையில் ஒரு வரி சிவந்தது.

கார்டுக்காரர் லியேபாயாவில்,
கடற்காற்று ஜன்னலை அறையும் ஊரில்,
தூங்கிக்கொண்டிருக்க வேண்டும்.
கார்டோ
எங்கோ ஒரு வெயில் நகரத்தில்
வாசனைத் தைலம் வாங்கிக்கொண்டிருந்தது.
முதலில் ஒரு யூரோவுக்கு ஏதோ,
கதவு பூட்டியிருக்கிறதா என்று
விரல் நுனியால் தள்ளிப் பார்ப்பதுபோல.
அடுத்து நானூற்றுப் பன்னிரண்டு.

கார்டை நிறுத்திவிட்டு அவரை அழைத்தேன்.
ஆறாவது மணியில் எடுத்தார்.
"வங்கியிலிருந்து சர்மீதெ பேசுகிறேன்.
குந்தார்ஸ் ஸ்ட்ரேலிஸ்தானே?"
"அதை நீயே சொல்லிவிட்டாயே,
நான் வேறு சொல்ல வேண்டுமா?"
உங்கள் கார்டு, என்றேன்.
எந்தக் கார்டு, என்றார்.
இருமினார். நாய் ஒன்று குரைத்து அடங்கியது.
"அழைத்தவளிடம் ஒன்றும் சொல்லமாட்டேன்."
வைத்துவிட்டார்.

எனக்குக் கோபம் வரவில்லை.
அந்த வாக்கியமே என்னுடையதுதான்.
மூன்று வருடம் முன்பு, ஒரு பிப்ரவரியில்,
காய்ச்சலோடு உட்கார்ந்து எழுதிய துண்டுத்தாளில்
மூன்றாம் வரி:
யார் அழைத்தாலும் சொல்லாதீர்கள்;
துண்டித்துவிட்டு
கார்டின் பின்புறமுள்ள எண்ணுக்கு
நீங்களே அழையுங்கள்.
அதை யாரும் படிப்பதில்லை என்று நினைத்திருந்தேன்,
அச்சிட்டவர் உட்பட.

காத்திருந்தேன்.
பக்கத்து மேசை ஆக்னெஸெ
கம்பு ரொட்டியின் ஓரங்களைப் பிய்த்து
வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.
கீழே தவுகவா ஆற்றின் மேல்
பாலத்து விளக்குகள் மூடுபனியில்
ஊறிப்போயிருந்தன.

பதினோரு நிமிடம்.
ஒன்பது பேரில் யாருக்கு வேண்டுமானாலும் போயிருக்கலாம்.
எனக்கே அடித்தது.

"இந்தக் குரலை எங்கேயோ…"
"ஆமாம். அதே குரல்தான்."
"நிஜமாகவே வங்கியா?"
"இந்தமுறை அழைத்தது நீங்கள்."

அப்புறம்தான் கதை வந்தது.
ஏரி உறையும் முன்
பனியில் துளைபோடும் கருவி ஒன்று வேண்டியிருந்தது.
போன ஞாயிறு, பாதி விலைக்கு,
பழகிய கடையின் பெயரிலேயே கிடைத்தது.
பெயரை வாசிக்கச் சொன்னேன்.
'எல்' நிற்க வேண்டிய இடத்தில்
எண் ஒன்று நின்றுகொண்டிருந்தது,
அதே சட்டை போட்டுக்கொண்டு.

"பூட்டுப் படம் இருந்ததே, அம்மா!"
இருந்திருக்கும்.
வழியில் எவரும் கடிதத்தைப் பிரிக்கவில்லை என்று மட்டும்
அந்தப் பூட்டு சொல்லும்.
போய்ச் சேர்ந்த கை யாருடையது,
அதற்குத் தெரியாது.

அவர் சிரித்தார், நன்றாக இல்லை அந்தச் சிரிப்பு.
"கார்டின் பின்னால் மூன்று எண் இருக்குமே,
வாங்கிய அன்றே மீன் கத்தியால் சுரண்டிவிட்டேன்.
மண்டைக்குள் மட்டும் வைத்திருந்தேன்.
அதை என் விரலாலேயே அடித்துக் கொடுத்திருக்கிறேன்.
நாற்பது வருடமாகத் தூண்டில் போடுகிறவன்.
புழு ரொம்ப அழகாக இருந்தது,
அப்போதே தெரிந்திருக்க வேண்டும்."

கொஞ்சம் மௌனம். பிறகு, திடீரென்று:
"சரி, நான்தான் என்று உனக்கு எப்படித் தெரியும்?
அந்த மூன்று எண்ணைச் சொல்கிறேன், குறித்துக்கொள். ஏழு…"

"சொல்லாதீர்கள்!"

ஆக்னெஸெயின் ரொட்டித் துண்டு தரையில் விழுந்தது.
ஏழாம் மாடி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சு.
"ஏழே கிடையாது அதில்.
இப்போது நம்புகிறேன்."

புதிய கார்டு ஒரு வாரத்தில் வரும், என்றேன்.
கடைகளுக்கென்று தனியாக இன்னொன்று,
ஐம்பது யூரோவுக்கு மேல் தாங்காதது,
அதையும் சேர்த்துப் போட்டுவிடச் சொன்னார்.
கருவி?
அது வரவே வராது, அவருக்கும் தெரியும்.
ஏரி இன்னும் உறையவில்லை, அவசரமில்லை என்றார்.
நாய் மறுபடியும் குரைத்தது.

விடியலில், டிராமில்,
நான்கு நாளாக மூடாமல் வைத்திருந்த பக்கத்தைத் திறந்தேன்:
உள்ளே கம்பளி வைத்த பூட்ஸ், பாதி விலை.
கடையின் பெயரை
எழுத்தெழுத்தாக வாசித்தேன்.
நடுவில் ஒரு எழுத்து.
எல்லா, ஒன்றா?

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.